அத்தான் பெயரில் ஒரு புழு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உடம்பும் மனசும் தெம்பாக இருப்பவனுக்குத்தான் அக்கா புருஷன் பெயரை ஒரு புழுவுக்கு வைக்கத் தோன்றும்.

நீ அனுப்பிய ஆய்விதழ் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் இறைச்சிக்கூடத்திலிருந்து வருவதற்குள் உன் அக்கா உறையைக் கிழித்து, பக்கத்தைக் கண்டுபிடித்து, மேசைமேல் விரித்து வைத்திருந்தாள். கை கழுவக்கூட விடவில்லை. ஒரு பக்கம் முழுக்கப் புழுவின் படம். தலை தனியாக, வால் தனியாக, நடு உடம்பு தனியாக. அதற்குக் கீழே சாய்ந்த எழுத்தில் என் பெயர், பின்னால் லத்தீன் முறைப்படி ஒட்டவைத்த இரண்டெழுத்து வாலோடு. எனக்கு அப்படியே குமட்டிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருடமாக ஆட்டுக் குடலுக்கு நடுவே நிற்கிறவருக்கு என்ன குமட்டல் என்று கேட்பாய். அது வேறு, இது வேறு. அங்கே குடலுக்குள் எது நெளிந்தாலும் அது ஆட்டினுடையது. இது என் அப்பா எனக்கு வைத்த பெயர்.

உன் அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டு அம்மாவிடம் போய், “எங்க வீட்டுக்காரர் பேர்ல ஒரு புழு இருக்கு” என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா பதறிப்போய், “அடப்பாவமே, மருந்து ஏதாவது சாப்பிட்டாரா?” என்று கேட்டாராம். இறைச்சிக்கூடத்தில் தோல் உரிக்கிறவர்கள் ஒரே நாளில் என்னைப் ‘புழு சார்’ ஆக்கிவிட்டார்கள். ஆய்வாளர் முத்திரையும் கையுமாக நான் உள்ளே வந்தால் யாராவது ஒருவர் இடுப்பை நெளித்துக் காட்டுகிறார்.

சிரிக்காதே. உனக்குப் புழு எடுத்துக் கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குடல் கழுவுகிற உப்பம்மா இருந்தவரை எனக்குத் தொல்லை இல்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வாளி பக்கத்தில் இல்லாமல் அவர் குடலைத் தொடமாட்டார். அதனால்தான் அவருக்கு அந்தப் பெயரே வந்தது. ஊரின் பள்ளத்துப் பக்கத்துக் கீழ்க் கொட்டகை ஆடுகளில் உனக்குக் கிடைத்த புழுவெல்லாம் அவர் எடுத்தது. போன வருடம் அவர் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போனதும், ‘இனி நீங்களே எடுத்து அனுப்புங்க அத்தான்’ என்று நீ எழுதினாய். உன் அக்கா அந்தக் கடிதத்தை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் நான் எங்கே தப்பிப்பது?

நீ கண்ணாடித் தகட்டில் செத்ததைப் பார்க்கிறவன். நான் உயிரோடு பார்க்கிறவன். ஆட்டின் நாலாவது இரைப்பையைக் கீறினால் முதலில் புளித்த புல் வாசனை முகத்தில் அடிக்கும். அதற்குள் சளி. சளிக்குள் அவை. ஒவ்வொன்றும் ஓர் அங்குலம், சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கினாற்போல. சிவப்பு, அது குடித்த இரத்தம். எல்லாம் ஒரே நேரத்தில் நெளியும். பூதக்கண்ணாடி விளக்கின் கீழே வைத்தால் பெண் புழுவின் விலாவில் நாக்கு மாதிரி ஒரு மடிப்பு துருத்திக்கொண்டு நிற்கும். உனக்கு அது இனத்தைச் சொல்கிற அடையாளம். எனக்கு அது என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டுகிற நாக்கு. பல நாள் மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன்.

உன் கட்டுரை எனக்கு முழுதாகப் புரியவில்லை. புரிந்தவரை சொல்கிறேன், சரியா பார். மேட்டுக் கொட்டகை ஆடுகளில் இருப்பது வழக்கமான புழு இல்லை, புது இனம். அது வழக்கமானதைவிடத் தடிமன். வெள்ளையாக இருப்பதால் இரத்தம் குடிக்காதது. அதற்கு நாக்கும் கிடையாது. நாக்கில்லாத புழுவுக்கு என் பெயரை வைத்ததில் உன் அக்காவின் யோசனை ஏதாவது உண்டா?

கால்நடை மருத்துவரும் படித்துவிட்டார். மேட்டுக் கொட்டகைகளுக்கு இனிமேல் புழு மருந்து ஊற்ற வேண்டாம் என்று துறையிலிருந்து உத்தரவே வந்துவிட்டதாம். “உங்க மச்சான் நல்ல காரியம் பண்ணாரு. தேவையில்லாம மருந்து ஊத்தினா புழு அதுக்குப் பழகிடும்” என்றார். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அருங்காட்சியகப் பதவிக்கான நேர்காணல் எப்போது என்று எழுது. உன் அக்கா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். எங்கள் குளிர்பதனப் பெட்டியில் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உன் புழுப் புட்டிகள் ஆறு இருக்கின்றன. அவற்றை எப்போது எடுத்துப்போவாய் என்றும் எழுது.

அன்புடன்,
உன் அத்தான்
(மனிதன்)

*

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். இந்தக் கடிதத்தைச் சாப்பிடுவதற்கு முன்னால் படிக்காதே. சாப்பிட்ட உடனேயும் படிக்காதே. தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றால், நான் எடுத்ததுமே உன் அக்கா காதை ஒட்டவைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். எனக்கும் இதை எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்ல வரும்.

மூன்று வாரமாக மேட்டுக் கொட்டகை ஆடுகள் சரியாக இல்லை. உரித்தால் இறைச்சி இறைச்சி நிறத்திலேயே இல்லை. தண்ணீரில் ஊறிய துணி மாதிரி சொதசொதவென்று தொங்குகிறது. கண் இமையைப் புரட்டினால் காகித வெள்ளை. தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி ஆடுகிறது. போன வாரம் மட்டும் பதினொரு ஆட்டுக்கு ‘உண்ணத் தகாதது’ முத்திரை குத்தினேன். வேறு எந்த வாரத்திலும் இரண்டைத் தாண்டியதில்லை.

அப்புறம் அங்கிருந்து ஒரு ஆட்டுக்கார அம்மா வந்தார். அறுக்கிறதற்காக வரவில்லை. ஓர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் மேசைக்கு முன்னால் இறக்கினார். அதற்கு நிற்கக்கூடக் காலில் பலமில்லை. “சார், இதுக்கு உடம்புல இரத்தமே இல்ல சார். மருந்து கேட்டா, உங்க பக்கம் இருக்கறது நல்ல புழு, மருந்து தேவையில்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நல்ல புழுன்னு ஒண்ணு இருக்கா சார்?” என்று கேட்டார். இருபத்து மூன்று ஆடுகள் வைத்திருந்தாராம். ஒன்பது போய்விட்டன, இது பத்தாவது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அது தலையைக் கீழே போட்டது.

நானே கீறினேன் மச்சான். கையுறை போட்டிருந்தும் கை கூசியது. இரைப்பை முழுக்கச் சிவப்பு. சளி எது, புழு எது என்று பிரிக்க முடியவில்லை, அத்தனை ஆயிரம். சுவர் முழுக்கக் கடித்த புள்ளிகள். உன் கட்டுரைப்படி மேட்டுக் கொட்டகை ஆட்டுக்குள் இருக்கவே கூடாத சிவப்புப் புழு. என் பெயர் வைத்த வெள்ளைப் புழு ஒன்றாவது இருக்குமா என்று கிண்டிக் கிண்டித் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தேன். ஏனென்றால் அந்த வெள்ளைப் புழுக்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். இத்தனை நாள் யோசித்துப் பார்க்காமல் இருந்தேனே தவிர, தெரியும்.

உனக்கு நான் எப்படிப் புழு எடுத்தேன் என்று சொல்கிறேன். நீ எழுதி அனுப்பிய முறை என் மேசைக் கண்ணாடிக்குக் கீழேதான் இருக்கிறது: லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீர், தேர்ந்தெடுக்காமல் கையில் வருகிற முதல் ஐம்பது புழு, உடனே சூடான ஸ்பிரிட். உப்பம்மா அதை எழுத்துத் தவறாமல் செய்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நெளிகிறதைத் தொட எனக்குச் சகிக்கவில்லை. இரைப்பையைத் தட்டில் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் அவை நெளியாது. வெளுத்து, ஊதி, சும்மா கிடக்கும். அதிலும் நாக்கு துருத்திக்கொண்டிருப்பதை எடுக்கப் பிடிக்காமல், பூதக்கண்ணாடியில் பார்த்து நாக்கில்லாததாகப் பொறுக்கிப் புட்டியில் போடுவேன். உன் படிவத்தில் ‘உயிருடன் இருக்கும்போது நிறம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என் கைப்பட ‘வெள்ளை’ என்று எழுதினேன். இன்னொரு கட்டத்தில் ‘அசைவு குறைவு’ என்றும் எழுதினேன். செத்த புழுவுக்கு அசைவு குறைவு!

நான் எடுக்க ஆரம்பித்த அதே மாதம்தான் மேட்டுக் கொட்டகை ஆடுகளும் எங்கள் கூடத்துக்கு வர ஆரம்பித்தன. கீழ்க் கொட்டகைப் புழு உப்பம்மா கையால். மேட்டுக் கொட்டகைப் புழு என் கையால். நீ புட்டிகளை வைத்துக்கொண்டு கொட்டகைக்குக் கொட்டகை புழு மாறுகிறது என்று நினைத்தாய். மாறியது கை மட்டும்தான்.

இதை ஊகமாக உனக்கு எழுதக்கூடாது என்று செய்து பார்த்தேன். அந்த அம்மாவின் ஆட்டிலிருந்து எடுத்ததில் பாதியை உப்புத் தண்ணீரில் போட்டேன், பாதியைக் குழாய்த் தண்ணீரில் போட்டேன். முதல் முறையாக டீ குடிக்கப் போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை. உப்புத் தண்ணீரில் இருந்தவை அப்படியே சிவப்பாக நெளிந்துகொண்டிருந்தன. குழாய்த் தண்ணீரில் இருந்தவை கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பைக் கக்கின. தண்ணீர் இளஞ்சிவப்பாகியது. உடம்பு பருத்தது. நாலைந்து என் எதிரிலேயே வெடித்துக் குடலும் முட்டையுமாக வெளியே வந்தன. மீதிக்கெல்லாம் உன் கட்டுரைப் படத்தில் இருக்கிற அதே உடம்பு. நான் அந்தத் தொட்டியிலேயே வாந்தி எடுத்தேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு நாக்கையும் எண்ணினேன். பார்க்காமல் கையில் வந்த ஐம்பது பெண் புழு. முப்பத்தொன்றுக்கு நாக்கு இருந்தது. பன்னிரண்டுக்கு ஒரு மொட்டு மட்டும் இருந்தது. ஏழுக்கு எதுவும் இல்லை, வழவழவென்று இருந்தன. எல்லாம் ஒரே ஆட்டின் ஒரே இரைப்பை. மறுநாள் கீழ்க் கொட்டகை ஆட்டிலும் எண்ணினேன். எண்ணிக்கை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. மூன்று வகையும் இருந்தது.

போன தடவை நீ வந்திருந்தபோது எங்கள் சமையலறையில் உட்கார்ந்து யாரோ ஒரு பெரியவரைக் கிண்டல் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே புழுவைக் குட்டை, நெட்டை, பருமன் என்று பிரித்துப் பதினாலு இனம் ஆக்கினார் என்றாய். “அண்ணன் நெட்டை, தம்பி குட்டைன்னா ரெண்டு இனமா அத்தான்? ஒரு வீட்டுக்குள்ள எத்தனை விதம் இருக்குன்னு பார்க்காம வெளியில இருந்து எண்ணக்கூடாது” என்றாய். உன் அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டாள். நீ வீட்டுக்குள் நுழைந்துதான் பார்த்தாய். நான்தான் வீட்டில் பாதிப் பேரை ஒளித்துவைத்துவிட்டேன்.

உன் அக்காவிடம் சொன்னேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை, நீயும் கோபப்படாதே. “நேர்காணல் முடியறவரைக்கும் வாயைத் திறக்காதீங்க. சின்ன வயசிலிருந்து இந்தக் கையால சோறு போட்டு வளர்த்த பிள்ளை. அவன் வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போடாதீங்க” என்றாள். நான் வாதாடவில்லை. உப்புத் தண்ணீர்ப் புழுவையும் குழாய்த் தண்ணீர்ப் புழுவையும் தனித்தனியாக அடைத்த இரண்டு புட்டிகளையும் பூதக்கண்ணாடியையும் மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அந்த ஆட்டுக்கார அம்மாவைப் பற்றியும் சொல்லிவிட்டுத்தான் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் புட்டிகள் இரண்டையும் பழைய துண்டில் சுற்றி, பெட்டியில் வைத்து, கயிறு கட்டி, உன் விலாசம் எழுதி வைத்திருந்தாள். “அவன் சொல்லிடுவான். அவன் அப்படிப்பட்டவன்தான். நமக்கு முன்னாடி அவனே சொல்லணும்” என்றாள்.

பெட்டி இதோடு வருகிறது. இரண்டும் ஒரே இரைப்பை. நீ துறைக்கு எழுது. உத்தரவு உன் கட்டுரையை நம்பித்தான் வந்தது, அதை நீ திரும்பப் பெற்றால் மருத்துவர் சொல்லி உடனே மாற்றிவிடலாம். அவரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. பழியை முழுக்க என் தலையில் போடு. என் அருவருப்பினால் வந்தது, என் பெயரைப் போட்டே எழுது. எனக்கு முழுச் சம்மதம்.

மன்னித்துவிடு என்று எழுதினால் உனக்குச் சங்கடம். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அத்தான்

*

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் நேற்று இறைச்சிக்கூட விலாசத்துக்கு வந்தது. பன்னிரண்டு வருடத்தில் நீ வீட்டுக்கு அனுப்பாமல் அங்கே அனுப்பிய முதல் கடிதம். இது உன் அக்கா கண்ணில் படக்கூடாத கடிதம் என்று உறையைப் பார்த்ததுமே பாதி புரிந்துவிட்டது.

மீதியையும் படித்தேன். புட்டிகளைப் பார்த்தாய், நான் சொன்னது சரிதான் என்கிறாய். அதில் சந்தோஷம். ஆனால் தேர்வுக் குழு முடிவு வர ஆறு வாரம் ஆகும், அதுவரை யாரிடமும் பேச வேண்டாம், பதவி உறுதியானபின் நீயே பக்குவமாக ஒரு திருத்தம் எழுதுவதாகச் சொல்கிறாய். கடைசி வரியில், ‘ஆடுதானே அத்தான்’ என்று எழுதியிருக்கிறாய்.

அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். ஒரு நாளைக்கு அறுபது ஆடு என் கண்முன்னே தொங்குகிறது. ஆட்டுக்காக அழுகிற வேலை இல்லை என்னுடையது. எனக்கே அந்த வார்த்தை வாயில் வராது. இரைப்பையைக் கீறும்போதுகூட இவ்வளவு அருவருப்பாக இருந்ததில்லை மச்சான். வெளிப்படையாகச் சொல்கிறேன், உன் கையெழுத்தைப் பார்த்தே எனக்கு அருவருப்பாக இருந்தது. அதற்குப் பிறகு என்மேலும். ஏனென்றால் இதே வார்த்தையை நானும் சொல்லாமல் சொல்லிக்கொண்டுதான் குழாயைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனேன். புழுதானே என்று.

அந்த அம்மாவிடம் இப்போது எட்டு ஆடு இருக்கிறது. ஆறு வாரம் அவை தாங்காது.

இன்றைக்கு வியாழக்கிழமை. இந்த விரைவுத் தபால் உனக்குச் சனிக்கிழமை கிடைக்கும். திங்கட்கிழமை காலையில் நான் கால்நடை மருத்துவரிடம் போகிறேன். உப்புத் தண்ணீர் வாளியும் குழாய்த் தண்ணீர் வாளியும் எடுத்துப்போகிறேன். அவர் எதிரிலேயே செய்து காட்டுவேன். தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பேன். உன் அக்காவும் கூட வருகிறாள். அவளாகத்தான் வருகிறேன் என்றாள்.

மருத்துவர் ஒரு கேள்வி கண்டிப்பாகக் கேட்பார். இது உங்கள் மச்சானுக்குத் தெரியுமா என்பார். உன் அக்கா என் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று உனக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை என்று சொல்வேன்.

ஏனென்றால் உன் கடிதம் எனக்கு வந்து சேரவில்லை. படித்து முடித்ததும் துண்டு துண்டாகக் கிழித்து, புழுவெல்லாம் போகிற அதே தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். இந்த முறை அங்கேயே நின்று, கடைசித் துண்டு போகிறவரை பார்த்தேன். சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ நீ மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினால், எங்களுக்கு உன் முதல் பதில் அதுதான்.

புழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. கண்ணாடி போட்டு மாட்ட உன் அக்கா வெட்டி வைத்திருந்த பக்கத்தை அவளே மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அவள் மூன்று நாளாகத் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாள். இன்றைக்கும் அவர் ஒன்றும் இல்லை என்று கையை விரித்தார். “அவன் நேர்ல பேசிட்டே எழுதலாம்னு இருப்பான்” என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் ஆமாம் என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும். என்னை ஆமாம் என்று சொல்லவைத்துவிட்டாய், அதைப் பொய்யாக்கிவிடாதே மச்சான்.

உன் அத்தான்